கூண்டும் களிம்பும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு நூலைப் பற்றியோ ஓர் இயக்கத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திறந்தவெளியில் நிற்கும் உலோகச் சிலைகளை அரிப்பிலிருந்து காப்பது பற்றிப் பேசப்போகிறோம். இது பொதுப்பணித்துறைப் பொறியாளர் பேச வேண்டியதல்லவா என்று அழைப்பிதழைப் பார்த்த மாணவர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறோம்.

ஏப்ரல் 14 காலையில் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மாலை வந்துவிட்டது, நீலக்கொடி கட்டியாகிவிட்டது, பறையும் வந்து நிற்கிறது. கூண்டின் சாவி மட்டும் வரவில்லை. அது காவல் நிலையத்தில் இருக்கும், அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வர வேண்டும். பூட்டு துருவேறி இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டுத் தட்டித் திறக்கிறோம். மாலை போட்டு, முழக்கமிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். மறுபடியும் பூட்டு. இனி டிசம்பர் 6. ஆண்டில் இந்த இரண்டு நாள் போக மற்ற 363 நாளும் அந்த உலோகத்தை ஒரு மனிதக் கை தொடுவதில்லை.

கூண்டைக் ‘பாதுகாப்பு’ என்று அரசு சொல்கிறது. கல்லெறிபவனிடமிருந்து அது ஓரளவு பாதுகாக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெண்கலத்தைத் தின்பவன் கல்லெறிபவன் மட்டுமல்லன். உப்பு, ஈரம், தூசி ஆகிய மூன்றும் கூண்டுக் கம்பிகளுக்கு இடையே தாராளமாக நுழைகின்றன. அவற்றைத் துடைக்கப் போகும் கைதான் வெளியே நிறுத்தப்படுகிறது. நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி இதை விரித்துப் பேசுவோம்.

பாபாசாகேப் உயிரோடு இருந்தபோதே, 1950 டிசம்பர் 9 அன்று, கோலாப்பூரின் பிந்து சௌக்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அருகிலேயே ஜோதிபா பூலேவின் சிலையும் வைக்கப்பட்டது. 1967 ஏப்ரல் 2 அன்று, பி.வி. வாக் வடித்த வெண்கலச் சிலையை நாடாளுமன்ற வளாகத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஒரு கை நீண்டு சுட்டுகிறது, மறு கையில் புத்தகம். இந்தத் தோற்றமே பிறகு சேரி முனைகளில் சிமெண்டிலும் வெண்கலத்திலும் ஃபைபரிலும் ஆயிரக்கணக்கில் எழுந்தது. இவற்றுள் பெரும்பாலானவை அரசுப் பணத்தில் எழுந்தவையல்ல. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்துத் திரட்டிய பணம், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணம், இளைஞர் மன்றம் நோட்டுப்போட்டு வசூலித்த பணம். முதலில் சிமெண்ட் சிலை, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் கையில் காசு சேர்ந்ததும் வெண்கலச் சிலை என்பதே பல ஊர்களின் வரலாறு. ஒரு சேரி தன் உழைப்பை உலோகமாக்கி நடுத்தெருவில் நிறுத்திய கதை அது.

அதனால்தான் அது தாக்கப்பட்டது. 1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரின் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். நியாயம் கேட்டுத் திரண்ட மக்கள் மீது காவல்படை சுட்டதில் பத்துப்பேர் இறந்தார்கள். 2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலை இடிக்கப்பட்ட மறுநாளே திருப்பத்தூரில் பெரியார் சிலை தாக்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அண்ணலின் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. நிகழ்வுகள் இவ்வாறு தொடரும்போதெல்லாம் நிர்வாகம் கண்ட நிரந்தர விடை கூண்டு. உடைத்தவன் வெளியே நடமாட, உடைபட்டவர் சிறைக்குள் நிற்கிறார் என்று நம் மேடைகளில் பலமுறை பேசியாகிவிட்டது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. கூண்டுக்குள் அந்த உலோகத்துக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் இதுவரை பேசவில்லை.

வெண்கலம் என்று பொதுவாகச் சொல்கிறோம். சிலை வார்ப்பில் பரவலாகப் பயன்படும் கலவைகளில் ஒன்றில் நூற்றுக்கு 85 பங்கு செம்பு இருக்கும். வெள்ளீயமும் துத்தநாகமும் காரீயமும் தலா ஐந்து பங்கு. வார்த்து, சீவி, பளபளப்பாக்கிய சிலை காற்றுப்பட்டதும் மெல்லப் பழுப்பேறும. செம்பு ஆக்சைடாலான இந்தப் பழுப்பு நோயன்று, உலோகத்தின் தோல். தன் அடியிலுள்ள செம்பைக் காக்கும் தோல் அது. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள கந்தகம் மழைநீரோடு கலந்து அதன்மேல் பச்சை நிறத்தைப் படியவைக்கும். இதுவும் சீராகப் படர்ந்து இறுகியிருந்தால் பெரிய கேடில்லை. சென்னைத் தீவுத்திடலருகே தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை 1839 முதல் கடற்காற்று எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நல்ல வெண்கலம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கேடு உப்பிலிருந்து வருகிறது. கடற்காற்றில், உவர்மண் தூசியில், உவர்ப்பான போர்வெல் தண்ணீரில் வரும் குளோரைடு செம்போடு சேர்ந்து தோலுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். இரவுப் பனியின் ஈரமும் காற்றின் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது வெளிர்பச்சைத் தூளாக வெடித்து வெளிவரும். அப்படி வரும்போது அமிலத்தையும் விடும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மீண்டும் குளோரைடாகும். இந்தச் சுழற்சி தானாக நிற்காது. வேதியியலார் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘வெண்கல நோய்’. அடையாளம் காண்பது எளிது. பச்சை கெட்டியாக ஒட்டியிருந்தால் பயமில்லை. புள்ளிபுள்ளியாக, வெளிர்நிறமாக, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தால் அங்கே குழி விழுந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பச்சைக்குத் தமிழில் பழைய பெயர் களிம்பு. சைவ சித்தாந்தம் படித்த தோழர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆணவமலம் உயிரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்புபோல உடன்பிறந்தே இருக்கிறது என்பார்கள். அது எல்லா உயிர்களுக்கும் பொதுவாகச் சொன்ன உவமை, சாதியைக் குறித்ததன்று. அந்த நேர்மையோடுதான் இதை எடுத்தாள வேண்டும். ஆனால் அழுக்கு பிறப்போடு வருகிறது என்ற எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு இயல்பாகச் சொல்லப்பட்டது, யார் முதுகில் அது கடைசியில் இறங்கியது என்பதை நாம் அறிவோம். உவமையின் வேதியியலோ பிழையானது. களிம்பு செம்போடு பிறப்பதில்லை. காற்றும் உப்பும் ஈரமும் சேர்ந்து வெளியிலிருந்து ஏற்றுவது அது. காரணத்தை நீக்கினால் வளர்ச்சி நிற்கும். இதைத் தமிழ்நாட்டில் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

1930களில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட சோழர்காலச் செப்புத்திருமேனிகள் வெண்கல நோயால் உதிர்ந்துகொண்டிருந்தன. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் அவற்றிலிருந்த குளோரைடை வெளியேற்றி நோயை நிறுத்தினார். இந்திய அருங்காட்சியக வரலாற்றில் பெருமைக்குரிய பணி அது. நாமும் பெருமைப்படுகிறோம். அதே பத்தாண்டில், 1939 ஜூலையில்தான், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய முடிந்தது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்கிறோம். திருமேனியின் குளோரைடுக்கு மருந்து கண்ட காலமும், அந்தத் திருமேனியைப் பார்க்க நம் பாட்டன்மார் வாசலில் போராடிய காலமும் ஒன்று.

1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய கர்னல் நீலின் வெண்கலச் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் போராட்டம் நடந்தது. பத்தாண்டு கழித்து 1937இல் எடுத்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள்? அதே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. நீலுக்கே மழைபடாத கூரை கிடைத்தது என்று நம் மன்றத்து இளைஞர் ஒருவர் சொன்னபோது கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

அறிவு இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராய்வது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி, எந்த உலோகம் எவ்வளவு கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளுக்குக் கிடைத்த கவனிப்பில் பத்தில் ஒரு பங்கு நம் தெருமுனைச் சிலைகளுக்குக் கிடைத்ததா? கூண்டுக்கு மதிப்பீடு போட்ட பொறியாளர் எவராவது காரைக்குடிக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பாரா?

கூண்டைப் பாருங்கள். சாதாரண இரும்புக் கம்பி, வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு ஒருகை, மேலே பெயிண்ட் ஒருகை. வெல்டிங் பட்ட இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். வெண்கலத்தின் பழுப்பு தோலாக நின்று காக்கும். இரும்பின் துரு அப்படியன்று, ஓட்டை நிறைந்தது. நீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் செங்காவி நீர் பீடத்தில் வழிந்து, கல்வெட்டில் பொறித்த பெயர்களின் மேல் கோடு கோடாக இறங்குகிறது. நம்மில் பலர் இதைச் சிலையின் குறை என்று நினைக்கிறோம். வெண்கலம் சிவப்பாக வழியாது. அது கூண்டின் துரு.

கூண்டுக்கு மேல் தகரக்கூரை போட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். மழை படாமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மழை ஈரத்தைக் கொண்டுவருவதோடு, உப்பையும் தூசியையும் கழுவிக்கொண்டும் போகிறது. கூரைக்கு அடியில் பக்கவாட்டுக் காற்றில் வந்து படியும் உப்பு கழுவப்படாமல் அங்கேயே தங்கும். விடியற்காலைப் பனி அதை ஈரமாக்கும். கூரை இருந்தால் மனிதக் கை கழுவ வேண்டும். கைக்கோ அனுமதியில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடம் இன்னொன்று உண்டு. வெண்கலச் சிலை உள்ளே கூடானது. அதைத் தாங்கும் சட்டமும், பாதத்தைப் பீடத்தோடு பிணைக்கும் போல்ட்டும் இரும்பாக இருந்தால், ஈரம் பட்டதும் செம்பும் இரும்பும் ஒரு மின்கலம்போல் இயங்கும். அதில் கரைவது இரும்பு. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கு நேர்ந்தது இதுதான். 1886இல் திறக்கப்பட்ட அச்சிலையின் மேல்தோல் 2.4 மில்லிமீட்டர் செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாதிருக்க இடையில் வைத்த அரக்கு தோய்ந்த கல்நார் காலப்போக்கில் அழிந்தது. இரும்பு உப்பிப் பெருத்து, செம்பைப் பிய்த்தது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் இரும்பை எடுத்துவிட்டு எவர்சில்வர் வகைச் சட்டங்களைப் பொருத்தி, இடையில் டெஃப்லான் வைத்தார்கள். ஆகவே புதிதாகச் சிலை செய்யக் கொடுக்கும் தோழர்கள் முகச்சாயலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். உள்சட்டமும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டும்போது கொத்தனார் அந்தத் துளையைச் சிமெண்டால் அடைத்துவிடுவதும் உண்டு.

அரசை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் நாம் நேர்மையானவர்கள் அல்லர். நாம் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் 13 இரவு, சிலை கறுத்துப்போயிருக்கிறதே என்று வருந்தி, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தோம். விடிந்தபோது பொன்போல மின்னியது. எல்லோரும் பாராட்டினார்கள். நாங்கள் தேய்த்து எடுத்தது அழுக்கையல்ல, அந்தத் தோலைத்தான். தை மாதத்துக்குள் தோளிலும் புத்தகத்தின் மேல்விளிம்பிலும் திட்டுத்திட்டாகப் பச்சை ஏறியது. அதை மறைக்கத் தங்கநிற பெயிண்ட் அடித்தோம். பெயிண்டுக்கு அடியில் அது இன்னும் வேகமாக வளர்ந்தது. நல்லெண்ணத்தில் செய்த கேடும் கேடுதான்.

பெயிண்டுக்கு அரசியலும் உண்டு. 2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில், உடைக்கப்பட்ட சிலைக்குப் பதிலாக வந்த புதிய அம்பேத்கர் காவிநிறக் கோட்டு அணிந்து வந்தார். எதிர்ப்பு எழுந்ததும் அதை நீலமாக்கினார்கள். நீலம் நம் நிறம்தான், சிமெண்ட் சிலைக்கு அது கவசமும்கூட. ஆனால் வெண்கலத்துக்கு நீலமும் வேண்டாம், பொன்னும் வேண்டாம். உலோகம் தன் நிறத்திலேயே நிற்கட்டும்.

என்ன செய்யலாம்? முதலில் மாலை. ஈரப்பூ அழுகினால் அமிலம் விடும், அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். போட்ட மாலையை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். பால் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். 1956 அக்டோபரில் நாக்பூரில் 22 உறுதிமொழி எடுத்தவருக்குப் பாலாபிஷேகம் செய்வது அவர் கொள்கைக்கும் ஒவ்வாது, அவர் சிலையின் செம்புக்கும் ஒவ்வாது. விழாவுக்கு முந்தைய நாள் பேரூராட்சியிலிருந்து வந்து பீடத்தைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். கனிவோடு தடுத்துவிடுங்கள். அது குளோரினை மூட்டை கட்டி வைத்த பொருள்.

கழுவுவதற்குக் காரமும் அமிலமும் இல்லாத மென்மையான சோப்பு, பருத்தித் துணி, மிருதுவான பிரஷ் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கக்கம், கோட்டு மடிப்பு, புத்தகத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து ஆகிய இடங்களில்தான் தூசி தங்கும். கடலோர ஊர்களில் போர்வெல் நீரால் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம் என்று பொருள். கடைசி அலசலுக்கு மழைநீரோ கேன் தண்ணீரோ வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மெழுகு. வார்ப்பில் கருவைத் தந்த மெழுகே காப்பிலும் உதவுகிறது. தேன்மெழுகு நம் வெயிலில் இளகித் தூசியைப் பிடிக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுதான் ஏற்றது. வெயில் ஏறி உலோகம் சூடானதும் மெல்லியதாகப் பூசி, ஆறியபின் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை இதைச் செய்தால் உப்புக்கும் செம்புக்கும் இடையே ஒரு திரை இருக்கும். மாவாக உதிரும் பச்சைப் புள்ளிகளைக் கண்டால் நாமே வைத்தியம் பார்க்காமல் அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரைத் தேடுவதே முறை. அதற்கான மருந்துகள் நஞ்சுள்ளவை.

சிமெண்ட் சிலை வைத்திருக்கும் ஊர்கள் இதைக் கேட்டுத் தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதற்குள்ளும் இரும்புக் கம்பி இருக்கிறது. துருவேறிய இரும்பு தன் பழைய அளவைவிடப் பலமடங்கு பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். சுட்டிக்காட்டும் விரல்தான் மெலிந்த பகுதி, அங்கேதான் முதலில் வெடிக்கும். விரல் உடைந்த சிலையைக் கண்டு கலவரம் மூண்டுவிடுமோ என்று ஊரே பதறிய நாள்கள் உண்டு. சில வேளைகளில் உடைத்தவன் உள்ளேயிருந்த கம்பி. மயிரிழை விரிசல் கண்டவுடன் அடைத்து பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தப் பதற்றமே எழாது. விரிசலைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வதும் நல்லது. பின்னால் உண்மையிலேயே ஒருவன் உடைத்தால், சிலை பழுதாகித் தானாக விழுந்தது என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பிருக்காது.

ஹைதராபாதில் 2023 ஏப்ரல் 14 அன்று திறந்த 125 அடிச் சிலையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேலே வெண்கலம். மகிழ்ச்சிதான். அதைப் பராமரிக்கத் துறை உண்டு, ஊழியர் உண்டு, நிதி உண்டு. நம் கவலை ஆறடிச் சிலைகளைப் பற்றியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச்சாலைகளிலும் நடைபாதைகளிலும் இனிச் சிலைகள் வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று ஆணையிட்டது. நம் சிலைகள் பலவும் அதற்கு முன் சாலையோரத்தில் வைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று அரித்துச் சாய்ந்தால், அதே இடத்தில் இன்னொன்றை நிறுத்த எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும், எத்தனை ஆட்சேபம் எழும் என்பதை நாம் அறிவோம். கல்லெறியாமலே ஒரு சிலையை அகற்ற விரும்புபவனுக்குப் பூட்டிய கூண்டும் பத்து மழைக்காலமும் போதும்.

நம் மன்றம் இவ்வாண்டு வட்டாட்சியருக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறது. கூண்டை அகற்றுங்கள் என்ற பழைய கோரிக்கை அதில் அப்படியே இருக்கிறது. அது நடக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாவி தர வேண்டும், யார் எப்போது திறந்தார்கள் என்று கையெழுத்திட ஒரு பதிவேடு வைக்க வேண்டும், கூண்டுக்குக் கால்வனைஸ் செய்த கம்பி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கழுவும் வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டக்கூடாது என்பதை மன்றமே முடிவு செய்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் முறை போட்டிருக்கிறோம். பெயர்ப்பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதல் கழுவல். வாளி, துணி, மெழுகு வாங்கியாகிவிட்டது. கேன் தண்ணீருக்கு இன்னும் சொல்லவில்லை.